முப்பத்தேழு புள்ளி நாலு

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி சோற்றுக்கு, பாதி எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு. நடுவே கோடு எதுவும் கிடையாது. இருந்தாலும் குழம்புச் சட்டி எதுவரைக்கும் வரலாம், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் எதுவரைக்கும் வரலாம் என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும். ஈயப்புகையும் தாளிப்பு வாசமும் ஒன்றாக எழும் மேசை அது. தெருவில் புருஷனைப் போர்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

மனைவிக்கு ஹேச்சரியில் வேலை. கோழி முட்டைகளை வாங்கித் தட்டுத் தட்டாக அடுக்கி, அலமாரி மாதிரி ஆள் உயர மெஷின்களுக்குள் வைத்துச் சூடு காட்டிக் குஞ்சாக்கி அனுப்பும் இடம். அவள் மெஷின் ரூம் பொறுப்பு. விரிசல் விட்ட முட்டையும் அளவு சிறுத்த முட்டையும் மெஷினுக்குள் போகாது; அவை வேலை செய்கிறவர்களுக்கு. அதனால் அந்த வீட்டில் முட்டை இல்லாத நாளே இருந்ததில்லை. அந்த வாரம் இல்லை.

நசநசவென்று மழை பெய்துகொண்டிருந்த மதியம், அவளுடைய தம்பி கடையில் வாங்கிய முட்டைப் பொட்டலத்தோடு படியேறி வந்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரன். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவான்.

"என்னக்கா, உன் வீட்டுக்கு நான் முட்டை வாங்கிட்டு வர்ற காலம் வந்துருச்சு பாத்தியா?"

"உள்ள வை. என் கண்ணுல படாம வை."

"மாமா, அக்கா கண்ணுல படாத முட்டை எந்தக் கடையில விக்குது?"

போர்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. தம்பி ஈரச் சட்டையை உதறிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தப் பண்ணைக்காரன் என்னதான் சொல்றான்?"

"அலாரத்தை நான் அமுக்கிட்டேனாம்." அவள் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அமுக்குனியா?"

அவள் கை நின்றது. "அடிச்சாத்தானேடா அமுக்குறதுக்கு."

நடந்தது இதுதான். மெஷின் ஒன்றில் ஏறக்குறைய முழு வளர்ச்சி கண்ட முட்டைகள். இன்னும் சில நாளில் ஓடு உடையும். அவள் பக்கத்து அறையில் புதுத் தட்டுகளை அடுக்கிவிட்டு வந்து, வழக்கம்போலக் கதவைத் திறந்தாள். முகத்தில் அடித்த காற்று அடுப்படிக் காற்று மாதிரி இருந்தது. வெளியே பலகையில் முப்பத்தேழு புள்ளி நாலு டிகிரி என்று பச்சை எழுத்து அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு முட்டையை எடுத்து இமைமேல் வைத்துப் பார்த்தாள். சுட்டது. மெஷினில் இருந்தது அத்தனையும் உள்ளேயே வெந்து செத்திருந்தது.

ஹேச்சரியை நடத்தும் பண்ணைக்காரர் அவளைக் கேட்டது ஒரே கேள்வி. சூடு ஏறினால் ஊரே எழும்புகிற மாதிரி அலாரம் கத்துமே, கத்தவில்லையா? கத்தவில்லை என்றாள். அவர் நம்பவில்லை. காரணம் இருந்தது. சில மாதம் முன்புவரை அந்த அலாரம் சும்மா சும்மா கத்தும். கத்தும்போதெல்லாம் அவள் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்குவதை அங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டுப் போயிருப்பாள் என்பது அவர் முடிவு. மற்ற ஹேச்சரிக்காரர்கள் காதுக்கும் அது போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை மெஷின் கம்பெனிக்காரங்கள வரச்சொல்லியிருக்காரு," என்றாள். "எல்லார் முன்னாடியும் சோதனை. அலாரம் அடிக்கலேன்னா நான் சொன்னது நிஜம், வேலைக்கு வான்னாரு. அடிச்சா, இந்தப் பக்கமே வராதேன்னுட்டாரு."

"கம்பெனிக்காரங்கன்னா யாரு, இந்தா உக்காந்திருக்காரே, இவருதானே! மாமா, உங்க மெஷினு, உங்க பொண்டாட்டி. நடுவுல நான் யாருக்குக் கைதட்டுறது?"

"நீ டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு," என்றார் போர்டுக்காரர்.

தம்பி சொன்னது பொய்யில்லை. மெஷினின் இரும்புக் கூட்டை வேறு யாரோ செய்கிறார்கள். அதன் மூளையைச் செய்வது இவருடைய கம்பெனி. தீப்பெட்டி அளவு போர்டு. அதன் நடுவில் இருப்பது ஏஆர்எம் இனத்துச் சில்லு, நம் கைபேசிக்குள் இருக்கும் அதே குடும்பம். கைபேசியில் இருக்கிற மாதிரியே அதற்குள்ளும் ஓர் இயங்குதளம் ஓடுகிறது. ஆனால் இயங்குதளத்துக்கு வெளியுலகம் தெரியாது. சூடு பார்க்கும் சென்சாரிடம் எப்படிக் கேட்க வேண்டும், காற்றாடியை எப்படி முடுக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளனுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதை எழுதுவதும் பழுது பார்ப்பதும் இவர் வேலை. கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு டிரைவர் வேலை என்று கேள்விப்பட்டு "லாரியா, பஸ்ஸா?" என்று கேட்ட மாமனார் இன்றுவரை பதிலை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சென்சாரும் போர்டும் பேசிக்கொள்வது இரண்டே கம்பியில். ஒரு கம்பியில் போர்டு தாளம் போடும். இன்னொன்றில் சென்சார் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வோர் எழுத்தாகப் பதில் சொல்லும். தட்டு நின்றால் பேச்சும் நிற்கும். மெஷினுக்குள் பெரிய காற்றாடி சுழலத் தொடங்கும்போது கம்பியில் ஒரு குலுக்கல் வரும். அந்தக் குலுக்கலில் ஒரு தட்டு காணாமல் போனால் சென்சார் பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடியே நின்றுவிடும், மீதித் தட்டுக்காக. போர்டோ, எதிராளி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், முடிக்கட்டும் என்று காத்திருக்கும். அது இதற்காக, இது அதற்காக. மரியாதையிலேயே செத்துப்போகிற இரண்டு பேர்.

முன்பெல்லாம் அப்படி நிற்கும்போது டிரைவர் உடனே "சென்சார் பதில் சொல்லவில்லை" என்று கைவிரிக்கும். அலாரம் கத்தும். பெரும்பாலும் மறுநொடியே தானாகச் சரியாகிவிடும்; கத்தல்தான் மிச்சம். அவள் தினமும் வீட்டுக்கு வந்து புலம்பினாள்: "காது போயிரும்போல இருக்குங்க. ஒண்ணுமில்லாததுக்குக் கத்துது. உங்களால நிறுத்த முடியாதா?" மற்ற ஹேச்சரிகளிலிருந்தும் அதே புலம்பல் வந்தது. இவர் டிரைவரில் ஒரு திருத்தம் போட்டார். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே கொடு. மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் மட்டும் கைவிரி. நியாயமான திருத்தம்தான். அந்த மாதத்திலிருந்து அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

தம்பி போனபின் அவர் சென்சாரை எடுத்து மேசைமேல் வைத்தார். வாரம் முழுக்க அதே மாதிரி போர்டில் காற்றாடி மோட்டாரைக் கட்டி முடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தப்பும் வரவில்லை. அன்றைக்குப் பொறுமை போய், பேச்சுக் கம்பியை ஒரு ஊசியால் எர்த் கம்பியோடு சேர்த்து அழுத்தினார். சென்சார் வாயைத் திறந்தபடி நிற்பதற்கு அதுதான் சமம்.

"கொஞ்சம் வெந்நீர் கொண்டா," என்றார்.

அவள் கீரை வேகவைக்க வைத்திருந்த நீரை டம்ளரில் மொண்டு வந்தாள். சென்சாரை அதில் முக்கினார். ஆவி பறந்தது. திரையில் இருபத்தெட்டு புள்ளி ஒன்று. மூன்று முறை கேட்டாயிற்று. பத்து முறை, நூறு முறை ஆயிற்று. இருபத்தெட்டு புள்ளி ஒன்று.

"மூணு தடவைக்கு மேல அலாரம் அடிக்கும்னீங்களே?"

அவர் தான் எழுதிய டிரைவர் வரிகளைத் திறந்தார். தேட வேண்டியே இருக்கவில்லை. எங்கே என்று தெரிந்துகொண்டுதான் கண் போயிற்று.

"இங்க பாரு," என்றார். குரல் வறண்டிருந்தது. "வீட்டுக்கு ஒரு காவல்காரன் வச்சிருக்கோம்னு வச்சுக்கோ. மூணு நாள் தபால் வரலேன்னா எனக்குச் சொல்லுன்னு சொல்லியிருக்கோம். அதுவரைக்கும் நான் கவலைப்படாம இருக்க, பழைய தபாலையே கொண்டுவந்து குடுன்னும் சொல்லியிருக்கோம்."

"சரி."

"இன்னிக்குத் தபால் வரல. ஒண்ணுன்னு எண்ணிக்கிறான். பழைய தபாலைக் கொண்டுவந்து என் கையில குடுக்குறான். குடுத்த உடனே, தபால் குடுத்தாச்சுன்னு நெனச்சு எண்ணிக்கையை அழிச்சிடுறான். மறுநாள் திரும்ப ஒண்ணு. திரும்ப அழிக்கிறான்."

அவள் கொஞ்ச நேரம் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மூணு வரவே வராது."

"வராது."

"ஆயுசுக்கும்?"

"கரண்டு போற வரைக்கும்."

அழிக்கும் வரி ஒரு படி மேலே இருக்க வேண்டும், உண்மையான பதில் வந்த இடத்தில். இவர் அதை அளவைக் கொடுக்கிற இடத்தில் வைத்துவிட்டார். அவ்வளவுதான் பிழை. இதில் இன்னொரு கெடுதலும் சேர்ந்தது. மெஷின் பிடிக்க வேண்டிய சூடு முப்பத்தேழரை. சென்சார் வாயடைத்தபோது கடைசியாகச் சொன்னது முப்பத்தேழு புள்ளி நாலு, ஒரு மயிரிழை குறைவு. இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் என்று மெஷின் ஹீட்டரை எரியவிட்டது. அளவு மாறவேயில்லை, எரியவிட்டுக்கொண்டே இருந்தது. முப்பத்தேழு புள்ளி ஆறில் நின்றிருந்தால் ஹீட்டர் அணைந்திருக்கும்; வளர்ந்த முட்டை தன் சூட்டிலேயே கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றாள் அவள்.

"நீ சத்தத்தை நிறுத்தச் சொன்ன. வாயைக் கட்டச் சொல்லல."

அவள் அழவில்லை. எழுந்துபோய்க் கீரையைக் கடைந்தாள். அவ்வளவு நேரம் கடைய அதில் ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக.

"அப்ப வெள்ளிக்கிழமை அலாரம் அடிக்காது," என்றாள். "என் பேரு தப்பிச்சுது."

அவர் திரையின் பக்கம் திரும்பினார். மழை தணிந்து, சன்னல் கம்பியில் சொட்டு மட்டும் நின்றது.

அன்று சாயங்காலமே சரிபண்ணி முடித்தார். வேலையில் அவருக்கு அரைகுறை பிடிக்காது. எண்ணிக்கையைச் சரியான இடத்துக்கு மாற்றினார். வாயடைத்த சென்சாரை மீட்கவும் வழி சேர்த்தார்: போர்டே தாளக் கம்பியில் ஒன்பது தட்டு சும்மா தட்டும். சென்சார் விட்ட இடத்திலிருந்து மீதி எழுத்துகளைச் சொல்லி முடித்து, கம்பியை விட்டுவிடும். அதன் ஒரு சொல்லுக்கு எட்டு எழுத்து, பிறகு ஒரு 'சரி'. எங்கே நின்றிருந்தாலும் ஒன்பதுக்குள் முடிந்தாக வேண்டும். ஊசியை அழுத்தி எடுத்தார். அளவு உடனே ஏறியது. எடுக்காமல் வைத்தார், மேசையில் மாட்டியிருந்த அலாரம் வீறிட்டது. அழகான வேலை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார், பிழை நம்ம டிரைவர்லதான். ஹேச்சரி ஆளுங்க மேல தப்பில்ல."

"சரி பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"அப்ப எல்லா மெஷினுக்கும் அனுப்பிடுங்க. குறிப்புல 'செயல்திறன் மேம்பாடு'ன்னு மட்டும் போடுங்க."

"சார், என் வீட்டுக்காரம்மா..."

"தெரியும்ப்பா. மொதல்ல அனுப்புங்க. மத்ததை நேர்ல பேசிக்கலாம்."

மெஷின்கள் மணிக்கொரு முறை கம்பெனிக் கணினியை எட்டிப்பார்த்து, புதிய டிரைவர் இருந்தால் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும். அனுப்புவதற்கு ஒரு பொத்தான். அவர் கை அதன்மேல் இருக்கும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"எங்க ஹேச்சரிக்கும் போகுமா?"

"போகும்."

"எங்களத மட்டும் விட்டுட்டு அனுப்ப முடியாதா?"

"முடியும்."

"அப்ப விடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"அந்த மெஷின்ல திரும்ப முட்டை ஏத்திட்டாங்கன்னு நீதானே சொன்ன?"

"ஏத்தட்டும். அவ்வளவு நாள் ஒண்ணும் ஆகாம ஓடலையா? ரெண்டு நாள்ல என்ன ஆயிரும்?"

"ஆகாமலும் போகலாம். இந்த நிமிஷம் ஆகிட்டும் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சும் விட்டா, அப்ப வேகுறது நான் வேகவச்சது."

"இப்ப வெந்தது யாரு வேகவச்சது?" குரல் உயரவில்லை. "அந்த முட்டைங்க மேல வந்த இரக்கம் என்மேல வரலியா?"

"நான் நேர்ல வந்து சொல்றேன். என் வாயால, எல்லார் முன்னாடியும், என் தப்புன்னு. எழுதினவனே சொல்றப்ப அதுக்கு மேல என்ன வேணும்?"

"உங்க வாயை அவங்க நம்பணுமே."

"அதெப்படி நம்பாம இருப்பாங்க? தன்மேலயே எவனாவது பொய்யா பழி போட்டுப்பானா?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு மெஷினைத் தெரிஞ்ச அளவுக்கு மனுஷங்களத் தெரியாது," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. ஹேச்சரி வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லோரும் நனைத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். பண்ணைக்காரர், கம்பெனி முதலாளி, போர்டுக்காரர், அவள். மெஷின் ரூமில் அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றிருந்தாள், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு. இவளைப் பார்த்ததும் லேசாக ஒதுங்கினாள்.

முதலாளி நேரே போய் மெஷின் முதுகில் சென்சார் கம்பியைப் பிடுங்கினார்.

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். பிறகு அலாரம் கத்தியது. தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து அறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புதுப்பெண்ணின் கை சிவப்புப் பொத்தானுக்குப் போய், பாதியில் நின்றது; கண் பண்ணைக்காரர் முகத்துக்குப் போயிற்று. அவர் தலையசைத்தபிறகுதான் அமுக்கினாள்.

அந்த அமைதியில் எல்லோரும் போர்டுக்காரர் மனைவியைப் பார்த்தார்கள்.

"இது இப்ப அடிக்குது," என்றார் போர்டுக்காரர். "அன்னிக்கு அடிச்சிருக்காது. புதன்கிழமைதான் நான் டிரைவரைச் சரிபண்ணி அனுப்பினேன். அதுக்கு முன்னாடி இருந்ததுல பிழை. என் பிழை. சென்சார் பேச்சை நிறுத்தினாலும் பழைய அளவையே காட்டிட்டு இருக்கும். இவ மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்படியா?" என்று பண்ணைக்காரர் முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "புதன்கிழமை ஒரு மேம்பாடு போச்சு, வாஸ்தவம். வழக்கமா போறதுதான்." சற்று நிறுத்தி, "வீட்டுல இப்படி ஆனா யாருக்கும் மனசு கேக்காதுங்க," என்றார்.

"சார்!"

"விடுங்க தம்பி," என்றார் பண்ணைக்காரர். கோபமில்லை அவருக்கு, அதுதான் மோசமாக இருந்தது. "பொண்டாட்டியை விட்டுக்குடுக்காத ஆளு நீங்க. எனக்கு மரியாதை கூடத்தான் செய்யுது."

"நான் நிரூபிக்கிறேன். பழைய டிரைவர் என்கிட்ட இருக்கு. இதுலயே போட்டுக் காட்டுறேன், அலாரம் அடிக்காது, பாருங்க."

பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். "அடிக்கிற மாதிரி எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு அடிக்காத மாதிரி எழுதத் தெரியாதா? கெட்டதைப் போட்டுக் கெட்டுப்போச்சுன்னு காட்டுறதா பெரிய வித்தை? நான் வந்தேன், கம்பியப் புடுங்குனாங்க, அடிச்சுது. என் கண்ணு பாத்தது இது. இவங்க பொத்தானை அமுக்குறதையும் இதே கண்ணுதான் பாத்திருக்கு."

போர்டுக்காரர் தாளக் கம்பியைப் பற்றி ஆரம்பித்தார். காவல்காரன், தபால் என்று வேகமாகச் சொன்னார். எதிரில் நின்றவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். துக்க வீட்டில் கேட்கிற மாதிரிக் கேட்டார்கள். பாதியில் அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"போதும், வாங்க."

"இல்ல, இன்னும் ஒண்ணே ஒண்ணு..."

"வாங்கன்னேன்."

அவள் அலமாரியைத் திறந்து தன் சோற்று டப்பாவையும் ஒரு மாற்றுச் சேலையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். புதுப்பெண்ணைத் தாண்டும்போது நின்று, "கடைசித் தட்டு கொஞ்சம் இடிக்கும், இழுக்காத. தூக்கி எடு," என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. அவள் சன்னலோரம், அவர் பக்கத்தில். பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு அவருக்கே உரிய விதத்தில், யோசித்து முடித்த குரலில் ஆரம்பித்தார்.

"வேற யாராவது வெளி ஆளை வச்சு, பழைய டிரைவரைப் படிக்கச் சொல்லி, அவங்க வாயால..."

"எனக்குப் புரியுதுங்க. வெந்நீர் கொண்டுவந்தப்பவே புரிஞ்சுது." அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். "புரியாதவங்களுக்குக் காட்டுறதுக்கு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதை நீங்க சரிபண்ணிட்டீங்க."

அவர் கைபேசி அதிர்ந்தது. முதலாளியிடமிருந்து. படித்துவிட்டு மடிமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"வேற ஒரு ஹேச்சரி. நேத்து சென்சார் நின்னு, அலாரம் அடிச்சிருக்கு. முழு மெஷினும் தப்பிச்சுதாம். நன்றி சொல்லியிருக்காங்க."

அவள் சன்னலிலிருந்து திரும்பினாள். "அங்க அலாரத்தைக் கேட்டு ஓடினது யாராம்?"

அவர் கைபேசியைத் திருப்பி மறுபடி படித்தார். "அது போடல."

"மெஷின் நல்லா வேலை செஞ்சுதுன்னு போட்டிருக்கா?"

"ம்."

"போட்டிருப்பாங்க," என்றாள். அவர்கள் இறங்குமிடம் இன்னும் தூரத்தில் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து, முன்னால் காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.